ஓய்வுக்குப் பின் வீட்டுப் புகைப்படத் தொழில்: கேமரா வாங்குவது நான்காவது வேலை

வங்கியின் வீட்டுக் கடன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஐந்து வருடமாக சென்னையின் தெற்குப் புறநகரில் விற்பனைக்கும் வாடகைக்கும் வரும் வீடுகளைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். தாம்பரம், மேடவாக்கம், மடிப்பாக்கம், நங்கநல்லூர் என்று இந்தச் சுற்றுக்குள்தான் வேலை. இதற்குள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் 58க்கு மேல், "சார், நானும் கூட வரட்டுமா" என்று வந்து கற்றுக்கொண்டார்கள். அதில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் படம் எடுக்க வராமல் இல்லை. முதலில் கிராஜுவிட்டி பணத்தில் கேமரா, அப்புறம் விசிட்டிங் கார்டு, கடைசியாக வீடு தேடுவது என்று வேலையைத் தலைகீழாகத் தொடங்கினார்கள். வீடு கிடைப்பதற்குள் உற்சாகம் தீர்ந்துவிட்டது.

அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. சொந்த வீடு, கையில் இருக்கும் போன்

ஒரு வாரம் உங்கள் வீட்டையே எடுங்கள். போன் போதும். ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை, பாத்ரூம், பால்கனி, வாசல் என்று தினமும் ஆறு படம். ஏழாம் நாள் முதல் நாள் படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

போனில் 0.5 என்று இருக்கும் அகல லென்ஸைத் தொடாதீர்கள். அது 10க்கு 10 அறையைக் கல்யாண மண்டபம் போலக் காட்டும். ஓரத்தில் இருக்கும் வாஷ்பேசின் குளியல் தொட்டியாக நீளும். சாதாரண லென்ஸில் அறை முழுவதும் அடங்காது. அடங்காதபோதுதான் எங்கே நிற்பது, எதை விடுவது என்று யோசிப்பீர்கள். அந்த யோசனைக்காகத்தான் இந்த வாரம்.

போனில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரும் கதவு நிலையும் அந்தக் கோட்டோடு ஒட்டி நேராக நிற்க வேண்டும். கைக்குப் பழக மூன்று நாள் ஆகும்.

2. கண்ணும் முழங்காலும்

இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நான் முதல் வருடம் கொடுத்த படங்களைப் பார்த்து என் பையன், "ஏம்பா எல்லாச் சுவரும் நீலமா இருக்கு?" என்றான். எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. டாக்டரிடம் போனால் இரண்டு கண்ணிலும் புரை. புரை விழும் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே வரும், நீலத்தைக் குறைத்துக் காட்டும். குறைகிற நீலத்தை நாம் எடிட்டிங்கில் சேர்த்துவிடுகிறோம். ஆகவே தொழிலில் இறங்கும் முன் ஒரு கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் ஆகும் வரை நிறத்தை இளையவர் யாரிடமாவது காட்டிச் சரிபார்த்து அனுப்புங்கள்.

முழங்காலுக்கு வருவோம். மூன்று மாடி, லிப்ட் இல்லாத பிளாட் அடிக்கடி வரும். ட்ரைபாட், பை எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோவைத் தாண்டினால் ஒரு மாதத்தில் முதுகு பேச ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். இரண்டாவது வீட்டில் அவசரம் வரும். அவசரத்தில் ஒரு அறை விட்டுப்போகும். மறுநாள் மறுபடியும் ஏறியாக வேண்டும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. திரையைப் பார்த்தபடி பின்னால் நடக்காதீர்கள். மொட்டை மாடியிலும், கட்டி முடிக்காத கட்டடத்தில் கதவு வைக்காத லிப்ட் குழிப் பக்கத்திலும் இது விளையாட்டல்ல. கேமராவிலிருந்து கண்ணை எடுங்கள், திரும்பிப் பாருங்கள், அப்புறம் நகருங்கள்.

3. பத்து வீடு பழகுங்கள்

அடுத்து சொந்தக்காரர், நடைப்பயிற்சி நண்பர், பழைய சக ஊழியர் என்று பத்து வீடு. பணம் வாங்க வேண்டாம். ஆனால் "சும்மா எடுத்துப் பார்க்கிறேன்" என்று போகாதீர்கள். வீடு வாடகைக்கு வருவது போலவே நேரம் குறித்து, முன்கூட்டிச் சொல்லி, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்து, மறுநாள் மாலைக்குள் படத்தை அனுப்ப வேண்டும். இந்தத் தொழிலில் படத்தைவிடச் சொன்ன நேரத்துக்குக் கொடுப்பதுதான் முக்கியம் என்பது பத்து வீட்டில் பிடிபடும்.

இந்தப் பத்தில் குறைந்தது இரண்டு, காலி வீடாக இருக்கட்டும். சாமான் இல்லாத அறையை எடுப்பது கடினம். எதை வைத்து அளவு தெரியும்? ஜன்னலையோ கதவையோ கட்டாயம் சட்டகத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று அங்கேதான் புரியும். இன்னும் இரண்டு, வாடகைதாரர் குடியிருக்கும் வீடாக இருக்கட்டும். வீட்டுக்காரர் விற்கப் போகிறார் என்றால் குடியிருப்பவருக்கு நாம் வேண்டாத விருந்தாளி. முதல் நாளே அவரிடம் நேரடியாகப் போனில் பேசி, அவருக்குத் தோதான நேரத்தைக் கேட்டு, அவர் முகமோ குழந்தைகள் படமோ வராது என்று வாக்குக் கொடுத்தால்தான் கதவு மனதாரத் திறக்கும்.

பத்து வீடு முடிந்த பிறகும் ஆசை இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை.

4. இப்போது கேமரா

புதிதாக வாங்க வேண்டியதில்லை. நடுத்தரச் சென்சார் (ஏபிஎஸ்-சி என்பார்கள்) உள்ள பழைய பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா ஒன்று, அதற்கு 10-18 அல்லது 10-20 மி.மீ. லென்ஸ், ஆடாத ட்ரைபாட் ஒன்று. அவ்வளவுதான். பெரிய சென்சார் (புல் பிரேம்) கேமரா இருந்தால் அதற்கு 16-35 மி.மீ. லென்ஸ். காசை வெட்ட வேண்டுமென்றால் பாடியில் வெட்டுங்கள், ட்ரைபாடில் வெட்டாதீர்கள். இந்த வேலையில் ஷட்டர் அரை விநாடி, ஒரு விநாடி திறந்திருக்கும். ட்ரைபாட் ஆடினால் எந்த விலைக் கேமராவும் ஒன்றுதான்.

பழையது வாங்கும்போது மூன்று இடத்தில் வழுக்குகிறார்கள்.

நிக்கானில் டி3500 வரையான டி3000 வரிசையில் தானாக வெளிச்ச அளவை மாற்றி அடுக்காக எடுக்கும் பிராக்கெட்டிங் வசதி கிடையாது. நமக்கு அதுதான் அன்றாடச் சோறு. என்னோடு வந்த ஒருவர் மலிவாகக் கிடைத்ததே என்று டி3400 வாங்கி, ஒவ்வொரு படத்துக்கும் கையால் ஷட்டர் வேகத்தை மாற்றிக்கொண்டிருந்தார்.

அதே நிக்கானின் 10-20 மி.மீ. லென்ஸ் ஏஎப்-பி வகை. டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் அது போகஸ் ஆகாது. லென்ஸையும் பாடியையும் ஒன்றாக மாட்டிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, திரை. வெளியே இழுத்துத் திருப்பும் திரை இருக்கட்டும். ட்ரைபாட் இடுப்பு உயரத்தில் இருக்கும்போது வ்யூபைண்டருக்குள் பார்க்க ஒரு வீட்டில் நாற்பது தடவை குனிய வேண்டியிருக்கும். இருபது வயதுக்காரருக்கு அது பிரச்சினை இல்லை.

பிளாஷ், ட்ரோன், இரண்டாவது லென்ஸ், பிராண்ட் பெயர் போட்ட பை எல்லாம் முதல் வருடத்தில் வேண்டாம். இரண்டு பேட்டரி, இரண்டு மெமரி கார்டு வேண்டும்.

5. முந்தைய நாள் வேலை

வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி: வாசல் எந்தத் திசை பார்த்தது, வீட்டில் யார் இருப்பார்கள், கரண்ட் இணைப்பு இருக்கிறதா. விற்பனைக்குப் பூட்டிக்கிடக்கும் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருப்பது சகஜம். பாத்ரூமுக்கு ஜன்னல் இல்லையென்றால் விளக்கில்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

திசையைக் கேட்பது வாஸ்துவுக்காக அல்ல. கிழக்குப் பார்த்த வீட்டு முகப்பில் காலையில் வெயில் விழும், மேற்குப் பார்த்ததில் மாலையில். இது எல்லோருக்கும் தெரியும். வடக்குப் பார்த்த வீட்டில்தான் ஏமாறுவோம். சென்னை சுமார் 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஒரு தடவை, ஆகஸ்ட் நடுவில் ஒரு தடவை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கும். ஆகவே வடக்கு வாசல் வீட்டின் முகத்தில் அந்த மாதங்களில் வெயில் விழும். மார்கழியில் நாள் முழுக்க நிழல்தான். அப்போது முகப்பை வெயிலில் எடுக்கலாம் என்று காத்திருக்காமல், மேகமூட்டமான வேளையிலோ, சூரியன் மறைந்த பின் வீட்டு விளக்குகளைப் போட்டோ எடுத்துவிடுங்கள். நம் ஊரில் அந்தி நீளாது. சூரியன் மறைந்து சுமார் இருபது நிமிடம்தான். அதற்கு அரை மணி முன்பே ட்ரைபாட் தெருவில் நிற்க வேண்டும்.

அப்புறம் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்புங்கள். என்னுடையது இப்படி இருக்கும்: "நாளை காலை 10.30க்கு வருகிறேன். கொடியில் துணி வேண்டாம். சமையல் மேடையில் அடுப்பு மட்டும் இருக்கட்டும். பாத்ரூமில் வாளி, மக், பிரஷ் எடுத்துவிடுங்கள். வாசலில் செருப்பும் வண்டியும் நகர்த்தி வையுங்கள். எரியாத பல்பை மாற்றிவிடுங்கள்." ஐந்து வரிக்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள்.

10.30 என்பதற்கும் காரணம் உண்டு. அதற்கு முன் போனால் சமையல் நடக்கும். குக்கர் மூன்றாவது விசிலில் இருக்கும்போது, "மாமி, அடுப்பைக் கொஞ்சம் அணைக்க முடியுமா" என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

6. உள்ளே நுழைந்ததும் கேமராவைத் திறக்காதீர்கள்

பட்டியல் அனுப்பினாலும் பாதிதான் நடந்திருக்கும். முதல் பதினைந்து நிமிடம் பையை வாசலில் வைத்துவிட்டு, வீட்டுக்காரரோடு ஒவ்வொரு அறையாக நடங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் எடிட்டிங்கில் இரண்டு மணி நேரம் மிச்சமாகும்.

நடக்கும்போது பார்க்க வேண்டியவை: தினசரி நாள்காட்டி (தேதி தெரிந்தால் மூன்று மாதம் கழித்து "இந்த வீடு ஏன் இன்னும் போகவில்லை" என்று வாங்குபவர் யோசிப்பார்), கேஸ் சிலிண்டர், மேடைக்கடியில் துடைப்பம், பிரிட்ஜ் மேல் மருந்து டப்பா, தண்ணீர் குடங்கள், குப்பைக் கூடை. டாய்லெட் மூடி கீழே. மின்விசிறி நிறுத்தம், மெதுவான ஷட்டரில் அது தட்டாகச் சுழன்று தெரியும். திரைச்சீலை இரண்டு பக்கமும் சமமாக விலக வேண்டும்.

குடும்பப் படங்கள், பெயர்ப் பலகை, வண்டி நம்பர், அலமாரிச் சாவி, நகைக்கடை கவர் எதுவும் படத்தில் வரக் கூடாது. இந்தப் படத்தை முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பார்ப்பார்கள். வீட்டில் என்ன இருக்கிறது, கதவுக்கு எந்தப் பூட்டு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பூஜை அறை தனி விஷயம். எடுக்கலாமா என்று கேளுங்கள். சிலர் தீபம் ஏற்றி வைத்து எடுக்கச் சொல்வார்கள், சிலர் கதவைச் சாத்திவிடுவார்கள். சாமி படங்களை நீங்களாக நகர்த்தவே கூடாது. சாமானையும் அப்படித்தான், சொல்லி, வீட்டுக்காரர் கையாலேயே நகர்த்த வையுங்கள். ஒரு தடவை நான் பூச்சாடியைத் தள்ளி வைக்கப் போய் அது உடைந்தது. அன்றைய கூலி அதற்கே போயிற்று.

7. எடுக்கும் வரிசை

வரிசையை எப்போதும் மாற்றாதீர்கள். நான் உள்ளே ஹாலில் தொடங்கி சமையலறை, பெரிய படுக்கையறை, அதோடு சேர்ந்த பாத்ரூம், அடுத்த அறைகள், பால்கனி, அப்புறம் மொட்டை மாடி, கார் நிறுத்தம், தெரு என்று முடிப்பேன். முகப்பில் வெயில் சரியாக இருந்தால் மட்டும் வெளியே முதலில். ஒரே வரிசையில் போனால் விட்டுப்போகாது. கணினியில் திறக்கும்போதும் எந்தப் படம் எந்த அறை என்று தேட வேண்டாம்.

கேமராவில் வைக்க வேண்டியது: எஃப் 8 (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 200, கேமரா திருத்தாத ரா வடிவம், துவாரத்தை நாம் வைக்க ஷட்டரைக் கேமராவே வைக்கும் அபெர்ச்சர் முன்னுரிமை முறை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) இடைவெளியில் மூன்று படம், 2 விநாடி டைமர். எஃப் 8 எதற்கென்றால் முன்னால் இருக்கும் சோபாவும் பின்னால் இருக்கும் ஜன்னலும் ஒரே தெளிவில் கிடைக்க. டைமர், நம் விரல் பட்டு ஆடாமல் இருக்க. மூன்று படம், இருட்டு மூலையும் வெளிச்ச ஜன்னலும் ஒரே சொடுக்கில் அடங்காது என்பதால். உச்சி வெயிலில் பால்கனிக் கதவு சட்டகத்தில் வந்தால் மூன்று போதாது, ஐந்து.

உயரம்தான் புதியவர்கள் அதிகம் தவறும் இடம். நின்றபடி கண் உயரத்தில் எடுத்தால் கூரை அதிகமாக வந்து அறை குட்டையாகத் தெரியும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நான்கடி போதும். சமையலறையில் சமையல் மேடையின் மேற்பரப்பு தெரிய வேண்டும், மேலே இருக்கும் அலமாரியின் அடிப்பகுதி தெரியக் கூடாது. ஆகவே நாலரை அடி, சில இடத்தில் இன்னும் கொஞ்சம் மேலே.

கேமராவை மேலேயோ கீழேயோ சாய்க்காதீர்கள். சாய்த்தால் சுவர்கள் ஒன்றை நோக்கி ஒன்று விழும். கூரை அதிகமாக வந்தால் சாய்க்காமல் ட்ரைபாடை இறக்குங்கள்; தரை அதிகமாக வந்தால் ஏற்றுங்கள். கேமராவுக்குள் இருக்கும் மட்டம் காட்டும் கோட்டை எப்போதும் போட்டு வையுங்கள். கொத்தனார் ரசமட்டம் வைக்காமல் செங்கல் அடுக்குவாரா?

எங்கே நிற்பது? கதவு மூலையில் நின்று எதிர் மூலையைப் பாருங்கள். ஒரு அறைக்கு இரண்டு படம்: ஒன்று இரண்டு சுவர் தெரியும்படி மூலைவிட்டத்தில், இன்னொன்று ஒரே சுவரை நேருக்கு நேர். மூன்று சுவரையும் ஒரே படத்தில் அடக்கும் ஆசையில்தான் 10 மி.மீ.க்குப் போய்விடுகிறார்கள். என் படங்களில் முக்கால்வாசி 12 முதல் 16 மி.மீ.க்குள்தான். 10 மி.மீ.யை பாத்ரூமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேறு வழியில்லை. அங்கேயும் கண்ணாடியில் நீங்கள் தெரிகிறீர்களா என்று பாருங்கள். டைமரைப் பத்து விநாடிக்கு மாற்றிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஹாலில் ஒரு படமாவது சமையலறைக் கதவோ படுக்கையறைக் கதவோ திறந்து தெரியும்படி இருக்கட்டும். எந்த அறை எதற்குப் பக்கத்தில் என்று வாங்குபவர் மனதில் வீடு ஒட்டிக்கொள்வது அதில்தான். கடன் பிரிவில் இருந்தபோது நூற்றுக்கணக்கான வீட்டுப் படங்கள் கோப்பில் வரும். தனித்தனி அறை, தனித்தனிச் சுவர். வீடு எது என்று ஒன்றிலும் தெரியாது.

8. விளக்கு போடுவதா, அணைப்பதா

நம் வீடுகளில் ஹாலில் வெள்ளை டியூப்லைட், மூலையில் மஞ்சள் எல்.ஈ.டி., ஜன்னலில் பகல் வெளிச்சம். மூன்றும் மூன்று நிறம். எல்லாவற்றையும் போட்டு எடுத்தால் ஒரு சுவர் மஞ்சள், ஒன்று நீலம், ஒன்று பச்சை கலந்து நிற்கும். எடிட்டிங்கில் ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடும்.

என் விதி எளிது. ஜன்னல் வெளிச்சம் போதுமென்றால் எல்லா விளக்கையும் அணை. போதாதென்றால் ஒரே நிற விளக்குகளை மட்டும் போடு. பில்டரின் மாதிரி பிளாட்டில் பால்ஸ் சீலிங் விளக்குக்கு செலவழித்திருப்பார். அங்கே அதை எரியவிட்டு எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்வார். அதனால் மாலை வேளைக்கு மாற்றிக்கொள்வேன்.

படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழுந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னும். விளக்கு எரியும் அறையில் ஷட்டர் 1/100 விநாடிக்கு மேல் வேகமாகப் போகக் கூடாது. போனால் எஃப் எண்ணைக் கூட்டியோ ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்தோ இழுத்துப் பிடியுங்கள்.

9. எடிட்டிங்: செய்ய வேண்டியது ஆறு, நிறுத்த வேண்டியது ஆறாவதில்

லைட்ரூம் என்ற மென்பொருள் போதும். வரிசை இது: மூன்று படங்களை ஒரே படமாக (எச்.டி.ஆர்.) இணைப்பது, லென்ஸ் வளைவைத் திருத்துவது, செங்குத்துக் கோடுகளை நேராக்குவது, நிறம், வெளிச்சம், கடைசியில் வெட்டுவது. வளைவைத் திருத்தும் முன் கோட்டை நேராக்கினால் வளைந்த கோட்டை நேராக்கப் பாடுபடுவீர்கள். நேராக்கும் முன் வெட்டினால், நேராக்கும்போது ஓரம் மறுபடியும் இழுபட்டு இரண்டாம் தடவை வெட்ட வேண்டி வரும்.

ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் எடுத்ததில்தான் தப்பு.

புதியவர்கள் எல்லோரும் தெளிவையும் வண்ணத்தையும் வலது கோடி வரை இழுப்பார்கள். சுவர் சாம்பல் பூத்து, தேக்குக் கதவு ஆரஞ்சாகி, வானம் கல்யாண ஆல்பம் மாதிரி ஆகும். இழுத்த அளவில் பாதிக்குத் திரும்பி வாருங்கள். ஒரு இரவு தூங்கி எழுந்து மறுபடியும் பாருங்கள்.

படத்தை இரண்டு அளவில் கொடுங்கள்: முழு அளவு ஒரு கோப்புறை, நீளப் பக்கம் 2048 பிக்சல் இன்னொன்று. வண்ண வகை எஸ்.ஆர்.ஜி.பி.யாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சில போன்களில் நிறம் வெளிறும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள் அல்லது கூகுள் டிரைவ் இணைப்பு. கோப்புப் பெயரில் 01, 02 என்று எண் போடுங்கள். புரோக்கர் எப்படி அனுப்பினோமோ அப்படியே மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் போன்ற வீட்டு விளம்பரத் தளங்களில் ஏற்றுவார். எண் இல்லையென்றால் முதல் படமாகப் பாத்ரூம் வந்து நிற்கும்.

10. எதை அழிக்கலாம்

சுவரில் ஆணி, தரையில் ஈரக் கால்தடம், மறந்துபோன துடைப்பம்: அழிக்கலாம். நாளை வாங்குபவர் வரும்போது அவை அங்கே இருக்கப் போவதில்லை.

நீர்க்கசிவு, விரிசல், பால்கனிக்கு எதிரே டிரான்ஸ்பார்மர், மேலே போகும் உயர் அழுத்தக் கம்பி: கூடாது. எதிரில் இருக்கும் டாஸ்மாக் போர்டை எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் கேட்டார். போர்டை எடுக்கலாம், கடையை யார் எடுப்பது? அந்தப் பக்கம் திரும்பாமல் வேறு கோணத்தில் எடுத்துக் கொடுத்தேன். காட்டாமல் விடுவது வேறு, இல்லாததாகக் காட்டுவது வேறு.

பில்டர் வேலையில் இது சட்ட விஷயமும்கூட. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, விளம்பரத்தில் இருந்த பொய்யை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு பில்டர் இழப்பீடு தர வேண்டும். கேஸ் வந்தால் படத்தை யார் மாற்றினார் என்று நம் பக்கமும் விரல் நீளும். மூலக் கோப்புகளை அழிக்காமல் வையுங்கள்.

11. கூலியும் காகிதமும்

இரண்டு படுக்கையறை பிளாட்டுக்கு நான் 2,500 ரூபாயில் தொடங்கினேன். உங்கள் ஊரில் அது கூடவோ குறையவோ இருக்கலாம். கணக்கு இப்படிப் போடுங்கள்: போய்வர, எடுக்க, எடிட் செய்ய ஆறு மணி நேரம், அந்த ஆறு மணி நேரத்துக்கு நீங்கள் மனமுவந்து போகும் தொகை எது? பென்ஷன் வருகிறதே என்று குறைத்துச் சொல்லாதீர்கள். ஒரு தடவை சொன்ன விலைதான் அந்தப் புரோக்கர் வட்டாரம் முழுக்கப் பரவும்.

பாதிப் பணம் எடுக்கும் முன்பு, மீதி படம் கொடுக்கும் முன்பு. "வீடு முடிஞ்சதும் சேத்து வாங்கிக்கங்க சார்" என்று ஒரு புரோக்கர் சொன்னதை நம்பி நான்கு வீடு எடுத்தேன். வீடுகள் முடிந்தன. பணம் வரவில்லை.

எத்தனை படம், எந்தத் தேதிக்குள், எத்தனை தடவை திருத்தம், மறுபடி வந்தால் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் "ஓகே" போட்ட பிறகு கிளம்புங்கள். அதில் இன்னொரு வரியும் சேருங்கள்: "இந்தப் படங்களை என் வேலை மாதிரியாகக் காட்ட அனுமதி உண்டு." 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நான் எடுத்தது என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வேண்டுமென்றால் அரசுத் தளத்தில் இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளமல்ல. பென்ஷனோடு இந்த வரவையும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். கம்பெனிகள் டி.டி.எஸ். (கூலியிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்திருந்தால், அது வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

12. முதல் வாடிக்கையாளர் எங்கே

புரோக்கரிடம் போகாதீர்கள், அங்கே விலை பேசும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நம் வயதுக்கு ஒரு கூட்டம் காத்திருக்கிறது: பிள்ளை அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ, பிளாட் இங்கே, சாவி பக்கத்து வீட்டில். வாடகைக்கு விடவோ விற்கவோ படம் வேண்டும், உள்ளே போய்வர நம்பகமான ஆள் வேண்டும். தலை நரைத்தவரிடம் சாவியைக் கொடுக்க அவர்கள் யோசிப்பதில்லை. அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர்கள் இரண்டு பேரிடம் சொல்லி வைத்தால் ஒரு வருடத்துக்கு வேலை வரும்.

சாவி வாங்கினால் வாங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். திறக்கும்போது வாசலில் இருந்து ஒரு படம், பூட்டும்போது ஒரு படம், தண்ணீர்க் குழாயும் மெயின் சுவிட்சும் மூடியதற்கு ஒன்று. அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.

இதே ஆட்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வாடகைதாரர் குடிவரும் அன்றும் காலி செய்யும் அன்றும் சுவர், தரை, குழாய், கதவு, மீட்டர் எண் என்று ஐம்பது அறுபது படம். இதில் அழகு வேண்டாம், தெளிவும் தேதியும் போதும். அட்வான்ஸ் திருப்பும்போது வரும் சண்டை பாதி குறைகிறது. எனக்கு இப்போது வரும் வேலையில் மூன்றில் ஒன்று இதுதான்.

13. ட்ரோன் கேட்டால்

தனி வீட்டுக்கும் மனைக்கும் கேட்பார்கள். காசு வாங்கி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பறக்கவிட, 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலைய எல்லையிலிருந்து 12 கி.மீ.க்குள் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. மீனம்பாக்கத்தைச் சுற்றி என் பகுதி பெரும்பாலும் அதற்குள்தான். சான்றிதழ் உள்ள ஆளிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டு, நீங்கள் தரையில் நில்லுங்கள்.

14. வருடக் கணக்கு

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற்றுபவர்களும் வாங்குபவர்களும் குறைவு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் சேரும். தையிலும் ஆவணியிலும் ஒரே வாரத்தில் ஐந்து அழைப்பு வரும். இது தெரியாமல் ஜூலையில் தொடங்கிய ஒருவர், "தொழிலே இல்லை சார்" என்று கேமராவை விற்றுவிட்டார். பழகும் பத்து வீடுகளை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா ஏற்கெனவே இருந்தால் சென்சாரைச் சுத்தம் செய்ய அப்போதே கொடுத்துவிடுங்கள். ஆவணி பிறப்பதற்குள் கைக்கு வந்துவிடும்.